மெக்னீசியக் கலப்புலோகம் வெப்பம் தாங்க: கால்சியமா, அருமண் தனிமங்களா?

9 விழுக்காடு அலுமினியம் கொண்ட வழக்கமான மெக்னீசிய வார்ப்பு 120 டிகிரி செல்சியசைத் தாண்டினால், உலோகத்தின் நுண்ணிய படிகமணிகளின் எல்லையில் உள்ள மெக்னீசியம்-அலுமினியச் சேர்மம் மென்மையாகி, இறுக்கிய போல்ட்டின் பிடி மெல்லத் தளர்கிறது.

வெப்ப வரம்பு: கால்சியம் அந்த அலுமினியத்தைத் தன்னோடு பிணைத்து உறுதியான சேர்மமாக்கி, ஏறத்தாழ 150 முதல் 175 டிகிரி வரை காக்கும்; இட்ரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் சேர்ந்த டபிள்யூஇ43 என்ற மெக்னீசியக் கலப்புலோகம் சுமார் 250 டிகிரியிலும் பயனுள்ள வலிமையோடு நிற்கும்.

செலவு: கால்சியம் மலிவு, அருமண் விலை மிக அதிகம்.

வார்ப்பு: உருகிய உலோகம் எளிதில் தீப்பற்றாமல் கால்சியம் காப்பது பெரும் நன்மை. ஆயினும் அளவு ஒரு விழுக்காட்டை நெருங்கும்போது உலோகம் உறையும்போது உண்டாகும் சூட்டு விரிசலும், வார்ப்பு அச்சில் ஒட்டுவதும் தலைகாட்டக்கூடும். விலையைவிட இதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

பெரும் எண்ணிக்கையில் வார்க்கப்படும் கார் பற்சக்கரப்பெட்டி உறைக்குக் கால்சியமும், ஹெலிகாப்டரின் பற்சக்கரப்பெட்டி உறைக்கு அருமண் தனிமங்களும் பொருந்தும்.