ஐந்து ரோடு பக்கம் மெயின்ஃபிரேம் பெர்ஃபார்மன்ஸ் வகுப்பு: சேரலாமா?

சேலத்திலேயே இதைச் சொல்லித் தருகிறார்கள் என்பதே பெரிய விஷயம், இல்லையென்றால் பெங்களூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரை இயக்கும் இசட்/ஓஎஸ், தன்னுள் நடப்பதை வகைவகையாக எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளை வாசிப்பதுதான் பாடம்: ஒரு ஜாப் எவ்வளவு சிபியூ தின்றது என்பது 30-ஆம் வகையில், பிராசசர் நிலவரம் 70-இல், டிஸ்க் 74-இல். டிஸ்க் தாமதத்தை சார் பிரித்துக் காட்டிய விதம் அருமை. ஐஓஎஸ்கியூ நேரம் ஏறினால் ரிக்வெஸ்ட் டிஸ்க்குக்குப் போகவே இல்லை, நம்ம சிஸ்டத்துக்குள்ளேயே வரிசையில் நிற்கிறது, முதலில் பிஏவி (ஒரே டிஸ்க்குக்கு ஒரே சமயத்தில் பல ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். ஆனால் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று பார்த்துக்கொள்ளும் ஒர்க்லோடு மேனேஜரை அவசரமாக ஓட்டிவிட்டார்கள், அதற்கான 72-ஆம் வகையைத் தொட்டதோடு சரி. அப்புறம், வண்டி நிறுத்த இடமே கிடையாது. கட்டணத்துக்கு மோசமில்லை, ஜேசிஎல் (மெயின்ஃபிரேமில் ஜாப் ஓட்ட எழுதும் மொழி) தெரியாதவர்கள் மட்டும் இப்போதைக்குச் சேர வேண்டாம்.