இடது கட்டை விரலுக்கு ஏற்ற கன்ட்ரோலர்: நாலு வருட அனுபவம்

வீடியோ கேம் ஆட கன்ட்ரோலர் வாங்கப் போகிற எவரும் முதலில் பார்ப்பது ஜாய்ஸ்டிக் எப்படி இருக்கிறது, அதிருமா, லைட் எரியுமா என்பதைத்தான். 2020 ஊரடங்கில் நானும் அப்படிப் பார்த்துத்தான் முதல் கன்ட்ரோலரை ஆர்டர் செய்தேன். அன்றிலிருந்து வாரத்தில் நாலைந்து நாள் ஆடுகிறவனாகச் சொல்கிறேன்: சண்டை கேமும் பழைய கேமும்தான் உங்களுக்கு உயிர் என்றால், இடது கட்டை விரல் உட்காருகிற அந்தக் கூட்டல் குறி பட்டனை, டி-பேடைத்தான், முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். பள்ளி நாட்களில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய் போட்டால் ஒரு ஆட்டம். 'முஸ்தபா' மெஷினைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம் நிற்கும். அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993-ல் கேப்காம் வெளியிட்டது என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதில் வருகிற முஸ்தபா என்ற ஆளின் பெயரையே எல்லாரும் கேமுக்கு வைத்துவிட்டோம். பக்கத்து மெஷினில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. அந்தக் கடை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. அங்கே பழகிய கைக்கு வீட்டில் ஒரு இடம் வேண்டும் என்றுதான் இந்தத் தேடலே தொடங்கியது.

முதலில் வாங்கியது ஆயிரத்துக்குக் கீழே ஒரு வயர் கன்ட்ரோலர். கார் ரேஸுக்கும் ஃபுட்பாலுக்கும் ஒரு குறையும் இல்லை. சண்டை கேம் போட்டதும் பிரச்சினை தெரிந்தது. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"மாமா, நான் முன்னாடிதான் அமுக்குறேன். இவன் ஏன் குதிக்கிறான்?"

அவன் சரியாகத்தான் அமுக்கினான். டி-பேடில் வலதை அழுத்தும்போது விரல் துளி மேலே சாய்ந்தாலும் கன்ட்ரோலர் அதை 'மேல் மூலை' என்று எடுத்துக்கொண்டது. சண்டை கேமில் மேல் மூலை என்றால் குதி. எதிராளியை நோக்கி நடக்க நினைத்தால் தானாகப் பறந்து போய் அடி வாங்குகிறோம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வருகிற ரியூ என்ற ஆளின் ஹடோகென், அதாவது பந்து எறிகிற அடி, வர வேண்டுமென்றால் கீழே, கீழ் மூலை, முன்னே என்று கால் வட்டம் சுற்ற வேண்டும். எழும்பிக் குத்துகிற ஷோர்யூகென் வர முன்னே, கீழே, கீழ் மூலை. இந்த இரண்டும் பிசகாமல் வர வேண்டுமென்றால் நேர்த் திசையும் மூலைத் திசையும் கன்ட்ரோலருக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

ஏன் பிரியவில்லை என்று பார்க்க, வாரன்டி முடிந்ததும் பின்பக்கத் திருகுகளைக் கழற்றினேன். டி-பேடுக்கு அடியில் ஒரு ரப்பர் தாள், அதில் நாலு குமிழி, ஒவ்வொரு குமிழியின் அடியிலும் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. கீழே பச்சை போர்டில் சீப்புப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மாதிரி இரண்டு கம்பித் தடங்கள். பொட்டு இறங்கி அந்த இரண்டு தடங்களையும் சேர்த்துத் தொட்டால் அந்தத் திசை பதிவாகும். நல்ல டி-பேடில் நடுவே ஒரு முளை இருக்கும். கூட்டல் குறி அதன்மேல் தராசு மாதிரி சாயும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் எழும். என்னுடையதில் முளை குட்டையாக இருந்தது. அதனால் வலதை அமுக்கினால் மொத்தத் தட்டும் இறங்கி, பக்கத்துப் பொட்டும் லேசாக உரசியது.

தடங்களின் ஓரத்தில் செலோடேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டினேன். நடுப்பகுதி மட்டும் திறந்திருக்கும்படி விட்டால், ஓரத்தில் பட்டும் படாமலும் உரசுவது பதிவாகாது. முழுசாக அமுக்கினால்தான் பதிவாகும். ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் மூலைத் திசையே வராமல் போய்விடும். மூன்று தடவை பிரித்து ஒட்டிய பிறகு சரியாக வந்தது. அந்தக் கன்ட்ரோலர் இன்றும் ஓடுகிறது.

வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு ஆர் சேர்த்து அமுக்கி, வருகிற பெட்டியில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று அடியுங்கள். கன்ட்ரோலர் பட்டியல் வரும். ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஒரு சின்ன வட்டத்தில் டி-பேட் திசை அம்புக்குறியாகத் தெரியும். இடது பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விடாமல், கட்டை விரலை மேலும் கீழும் மெதுவாகப் புரட்டுங்கள். பத்து வினாடி போதும். அம்பு இடதிலேயே நிற்க வேண்டும். லேசான புரட்டலுக்கே மூலைக்கு ஓடினால் சண்டை கேமுக்கு அது ஆகாது. நாலு திசைக்கும் இதைச் செய்யுங்கள். அடுத்து, கீழிருந்து வலதுக்கு மெதுவாகச் சுற்றுங்கள். நடுவில் மூலை அம்பு ஒவ்வொரு தடவையும் தெரிய வேண்டும். சில கன்ட்ரோலர் முதல் சோதனையில் பாஸாகி இரண்டாவதில் விழும்.

அடுத்தது பட்டன் எண்ணிக்கை. இது நீங்கள் ஆடுகிற கேமைப் பொறுத்தது. முஸ்தபாவுக்கு இரண்டு பட்டன் போதும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்கு நாலு. டெக்கனுக்கும் நாலுதான், ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒன்று. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு மட்டும் ஆறு: குத்து மூன்று, உதை மூன்று. சாதாரண கன்ட்ரோலரில் முகப்பில் நாலுதான் இருக்கும். மிச்சம் இரண்டு தோள்பட்டைப் பட்டன்களுக்குப் போய்விடும். பலமான குத்தும் பலமான உதையும் ஆள்காட்டி விரலுக்கு வந்தால், ஆர்கேடில், அதாவது கேம் கடை மெஷினில், பழகிய கைக்கு அது ஒட்டவே ஒட்டாது. சேகா மெகா டிரைவ் என்ற பழைய கேம் பெட்டிக்கு முதலில் வந்தது மூன்று பட்டன் பேட் (கையில் பிடிக்கிற கன்ட்ரோலர்). அதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட, ஸ்டார்ட்டை அமுக்கி குத்தா உதையா என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் 1993-ல் ஆறு பட்டன் பேட் வந்தது.

அந்த ஆறு பட்டன் பேடின் வடிவத்தில் 8பிட்டோ நிறுவனம் செய்கிற எம்30-ஐத்தான் 2021-ல் வாங்கினேன். அப்போது மூவாயிரத்தை ஒட்டிய விலை. ஒரு கன்ட்ரோலருக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். நானும் இரண்டு மாதம் யோசித்துத்தான் வாங்கினேன்.

நாலு வருடம் கழித்தும் கையில் எடுத்தவுடன் மகிழ்ச்சி தருவது அதன் டி-பேட்தான். அகலமான வட்டத்தில் பதிந்த கூட்டல் குறி. கட்டை விரலைத் தூக்காமலே உருட்டலாம். மேல் வரிசை குத்து, கீழ் வரிசை உதை என்று ஆறும் ஒரே முகப்பில். முதல் வாரத்திலேயே ஷோர்யூகென் நினைத்தபோது வந்தது. முந்தைய கன்ட்ரோலரில் பத்துக்கு நாலு வந்தால் அதிகம்.

வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இதில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. நின்டெண்டோ 64 கேம்கள், இன்றைய முப்பரிமாண கேம்கள் ஆட இன்னொன்று வேண்டும். அதற்கு என் பழைய வயர் கன்ட்ரோலர் இருக்கிறது. இன்னொன்று, விண்டோஸில் எம்30 எக்ஸ்பாக்ஸ் பாணி கன்ட்ரோலராகத்தான் தெரியும். அந்தப் பாணி என்றால் முகப்பில் நாலு பட்டன்தான் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். அதனால் மிச்சமுள்ள இரண்டு முகப்புப் பட்டன்களை அது தோள்பட்டைப் பட்டன் என்றே படிக்கும். ஒவ்வொரு கேமிலும் செட்டிங்ஸ் போய் ஒருமுறை மாற்றி வைக்க வேண்டும். பழைய கேம்களை ஓட்டுகிற ரெட்ரோஆர்ச் மென்பொருளில் ஒரு தடவை சேமித்துவிட்டால் போதும். ஸ்டார்ட்டோடு எக்ஸ் அமுக்கி ஆன் செய்தால் விண்டோஸ், ஸ்டார்ட்டோடு பி அமுக்கினால் ஆண்ட்ராய்டு.

சண்டை கேமில் லேக், அதாவது பட்டனை அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே வருகிற தாமதம், பற்றிக் கேட்காதவர் இல்லை. கேம் ஒரு வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது, ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி வினாடி. வயர்லெஸ்ஸில் ஆடினால் சிலசமயம் ஒரு பிரேம் பிந்துவது சாத்தியம். அதனால் சண்டை கேமுக்கு எப்போதும் கேபிள் போட்டே ஆடுகிறேன். ஆனால் கன்ட்ரோலரைக் குறை சொல்லுமுன் டிவியைப் பாருங்கள். படத்தை மெருகேற்றுகிற வேலைகளால் பல டிவிகள் பல பிரேம் தாமதிக்கின்றன. எங்கள் வீட்டு டிவியில் கேம் மோட் போட்ட அன்று, புதுக் கன்ட்ரோலர் வாங்கியதைவிடப் பெரிய மாற்றம் தெரிந்தது. அதற்குக் காசே செலவில்லை.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சில்வர் பீச்சிலிருந்து வருகிற உப்புக் காற்றில் எங்கள் வீட்டுக் கதவுக் கீலே வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கிறது. கன்ட்ரோலரைத் திறந்த மேஜையில் போட்டு வைக்காதீர்கள். நான் பழைய பிஸ்கட் டின்னில், ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை திறந்து ரப்பர் தாளையும் போர்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் கட்டை விரல் வியர்வையில் வழுக்கும். மடியில் ஒரு துண்டு இல்லாமல் நான் உட்காருவதில்லை. கேபிள் நிரந்தரமாகப் பொருத்திய கன்ட்ரோலரைவிட, டைப்-சி போர்ட் உள்ளதாகப் பாருங்கள். கழுத்தில் அறுந்துபோகிற கேபிளை நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம்.

கேபிள் போட்டு ஆடுகிறவனுக்கு பேட்டரி எதற்கு என்றும் நினைத்ததுண்டு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, பின்னாடியே தென்பெண்ணையில் வெள்ளம். கரன்ட் இல்லாத அந்த ராத்திரிகளில் போனோடு எம்30-ஐ இணைத்து, எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் மாறி மாறி மெட்டல் ஸ்லக் ஆடினார்கள். மழைச் சத்தத்துக்குப் பயந்து அழுதுகொண்டிருந்த சின்னவன் மூன்றாவது மிஷனைத் தாண்டிவிட்டுத்தான் தூங்கப் போனான்.

கேம் கடை மெஷினில் இருப்பது மாதிரி பெரிய லீவரும் பட்டனும் வைத்த ஆர்கேட் ஸ்டிக் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நல்ல ஸ்டிக்கின் விலையில் மூன்று எம்30 வாங்கலாம். திறமைக்கு ஸ்டிக்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2014-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை பிரான்ஸின் லஃபி ஜெயித்தது முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்துக்கொண்டு. கையால் செய்து பார்க்க ஆசை இருந்தால், சில நூறு ரூபாய்க்கு வருகிற ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேரை (போர்டை இயக்குகிற மென்பொருளை) ஏற்றி, லீவர் இல்லாமல் திசைக்கும் பட்டனே வைத்த பெட்டி செய்யலாம்.

ஆயிரம் ரூபாய்க்குள்தான் முடியும் என்றால் வயர் கன்ட்ரோலரில், வெறும் வட்டத் தட்டாக இல்லாமல் தெளிவான கூட்டல் குறி உள்ளதை எடுங்கள். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்று விளம்பரம் செய்வதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். காந்தத்தால் இயங்குவதால் அந்த ஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் தேயாது என்பது உண்மைதான். ஆனால் நாம் ஸ்டிக்கைத் தொடவே போவதில்லை. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் கண்ணில் படலாம். அதன் டி-பேட் சண்டை கேமுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் போலி நிறைய நடமாடுகிறது. பையில் கன்ட்ரோலரைப் போனில் செருக ஒரு ஓடிஜி அடாப்டரும் போனில் ஒரு கேம்பேட் டெஸ்டர் ஆப்பும் இல்லாமல் பேரம் பேச வேண்டாம்.

போன மாதம் அக்கா மகன் தனக்கென்று ஒன்று வாங்கினான். இப்போது காலேஜ் படிக்கிறான், சேர்த்து வைத்த காசு ஆயிரத்து இருநூறு. நேரு வீதிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அண்ணே, ஒரே நிமிஷம்" என்று கேட்டுக் கன்ட்ரோலரைச் செருகினான். வலதை அமுக்கிப் பிடித்து விரலைப் புரட்டினான். ஆறாவது வினாடியில் அம்பு மேல் மூலைக்குத் தாவியது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் அதே மாடலில் இன்னொரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அதில் அம்பு அசையவில்லை. இடது, மேல், கீழ், மறுபடி வலது என்று நாலையும் பார்த்துவிட்டு அதற்கே பணம் கொடுத்தான்.