2,340 ரூபாய்க்கு மூன்று வாசனை மெழுகுவர்த்தி வாங்கிய கதை: உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் ஹால் தீப்பிடிக்கப் பார்த்தது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அதனால் கோர்வையாக எழுத வராது. மெழுகுவர்த்தியைப் பத்திரமாக ஏற்றுவது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். போனில் ரீல்ஸ் போட்டு, "விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்று விற்கும் வீட்டுத் தயாரிப்புக் கடை, அவ்வளவுதான். லாவெண்டர், மல்லிகை, சந்தனம் என்று மூன்று கண்ணாடி டம்ளர்கள், கூரியரோடு 2,340 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுப் பணமும் முன்னாடியே கட்ட வேண்டும். அங்கேயே யோசித்திருக்கணும். ஆனால் அந்தப் பெண் வாய்ஸ் நோட் அனுப்பினாள்: "அக்கா, நானே என் கையால ஊத்துறது, சுத்தமான சோயா மெழுகு. என் பாப்பா தூங்குற ரூம்லயே ஏத்துறேன்க்கா." பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிணுங்கலுக்குத்தான் நான் பணம் அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியில் நன்றி அட்டை இருந்தது, காய்ந்த பூ இருந்தது. எடை இல்லை, முகவரி இல்லை, எப்படி ஏற்றுவது என்று ஒரு வரிகூட இல்லை. அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பவர் பெயர், முகவரி, எடை, விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மல்லிகையை மூன்றாவது முறையாக ஏற்றினேன். திரி நடுவில் இல்லாமல் ஓரமாகச் சாய்ந்திருந்ததை முதல் நாளே பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுடர் கண்ணாடியை நக்கிக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் கரி ஏறிவிட்டது. ஒரு பக்கம் கொதிக்க, மறுபக்கம் மெழுகு கட்டியாகவே கிடந்தால் கண்ணாடி என்னதான் செய்யும்? 'டப்' என்று நெடுக விரிசல். மெழுகு டிவி ஸ்டாண்டில் வழிந்து, திரியும் சரிந்து, அங்கேயே எரிய ஆரம்பித்தது. அத்தை சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாதீங்க அத்தை!" என்று கத்தினேன். எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் காய்ந்த எண்ணெயில் பட்ட மாதிரி தீயோடு சிதறும். இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்த பிறகுதான் அணைந்தது. தேக்கு ஸ்டாண்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்.

படம் எடுத்து அனுப்பினேன். "ஹாய் மேம்" என்று பதில். பணம் போகும்வரை அக்கா, போன பிறகு மேம். ஃபேன் ஓடியதா, திரியை வெட்டினீர்களா என்று என்னிடமே விசாரணை. வெட்டணும் என்று எங்கேம்மா சொன்னாய்? அப்புறம் வந்தது பாருங்கள்: "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா மேம்? இல்லாட்டி ரீஃபண்ட் வராது." மூன்றாம் முறை ஏற்றும்போது வெடித்ததற்குப் பெட்டி பிரிக்கிற வீடியோ எதற்கு? பதினோரு மணிக்கு பிளாக் பண்ணிவிட்டாள்.

இன்று பாத்திரக் கடையில் அதே டம்ளரைப் பார்த்தேன். ஜூஸ் குடிக்கிற டம்ளர், ஆறு 180 ரூபாய். எனக்குப் போனது 2,340. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

சரி, சொல்கிறேன் என்றேனே. ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். முதல் முறை மேல் மெழுகு ஓரம்வரை உருகட்டும், ஆனால் நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஃபேனுக்குக் கீழே வைக்காதீர்கள், அடியில் எவர்சில்வர் தட்டு வையுங்கள். திரி சாய்ந்திருந்தால் ஏற்றவே ஏற்றாதீர்கள். இன்னும் இருக்கிறது, எழுதப் பொறுமை இல்லை.

தங்கை இப்போதுதான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அதே கடை, அதே டம்ளர், 'பண்டிகை காம்போ'வாம். கீழே ஒருத்தர் விலை கேட்டிருக்கிறார்.