நாவல் போட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் நாவலைப் போட்டுத் தருவதாகப் பணம் வாங்கிய பதிப்பகத்து ஆள் நேற்று ராத்திரி என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் பணம் கட்டிவிடுவார், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 42,500 ரூபாய்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். இலை அதிகமாக வரும் மாதங்களில் வீடு திரும்பவே இருட்டிவிடும். அதனால் விடியற்காலையில், வீட்டில் யாரும் எழுவதற்கு முன், அடுப்படியில் உட்கார்ந்து எழுதியதுதான் என் முதல் நாவல். இலங்கை மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் நுவரெலியாவை விட்டுக் கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரியில் டேன்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்த என் பாட்டியின் கதை அது. கிளை நூலகத்தில் எடுத்துப் படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டவள் நான். அந்த அலமாரியில் என் புத்தகமும் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

புது எழுத்தாளர்களின் நூல்களைப் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் ஒரு சிறு பதிப்பகம். முகநூலில் விளம்பரம் பார்த்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. மாதிரிக்கு முதல் அத்தியாயத்தை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மறுநாளே அந்த ஆளிடமிருந்து போன். "அக்கா, பாட்டி மண்டபத்துல இறங்கி, கையில இருந்த தகர டப்பாவத் தொலைச்சிட்டுத் தேடுறாங்களே, அந்த இடத்துல அழுதுட்டேன்கா. இது வெளிவராமப் போகக் கூடாது."

என் எழுத்தை வீட்டுக்கு வெளியே ஒருவர் படித்து அழுததாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுதுகிறவர்களுக்குப் புரியும், அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பலம் என்று. அன்றைக்கே ஜிபேயில் 20,000 அனுப்பினேன். கையெழுத்துப் பிரதி முழுவதையும் வாங்கியபின் மீதி 22,500. சீட்டு எடுத்த பணம். மொத்தம் 42,500 ரூபாய்க்கு 300 பிரதி, அட்டை, பிழைதிருத்தம், ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரும் அடையாள எண்), சென்னை புத்தகக் காட்சியில் விற்பனை, எல்லாம் சேர்த்து என்று பேச்சு. ஐஎஸ்பிஎன்னுக்கு மட்டும் அதில் 4,000 என்று கணக்குக் காட்டினார்கள்.

அப்புறம்தான் காரணங்கள் வர ஆரம்பித்தன. பிரஸ்ஸில் மெஷின் ரிப்பேர். பைண்டர் ஊருக்குப் போய்விட்டார். பேப்பர் விலை ஏறிவிட்டது. ஆடிட்டிங் நடக்கிறது. பாதிக் காரணங்கள் குரல் பதிவாக இன்னும் என் போனில் இருக்கின்றன. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னை புத்தகக் காட்சியில் புத்தகம் இருக்கும் என்று ஒரு ஸ்டால் எண் தந்தார்கள். லீவு போட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். அந்த எண்ணில் இருந்தது வேறொரு பதிப்பகம். அங்கே இருந்த பையன் பாவம், என் நாவலின் பெயரைத் தன் பட்டியலில் இரண்டு முறை தேடிப் பார்த்தான். அங்கிருந்தே போன் செய்தேன். "மேடம், ஈவென்ட் எல்லாம் மார்க்கெட்டிங் டீம் பார்ப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

போன வாரம் பார்சல் வந்தது. 300 இல்லை, 60 பிரதி. அட்டையில் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் பனி மூடிய மலை! நீலகிரியில் எங்கே இருக்கிறது பனிமலை? எழுத்துரு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி, பாட்டி பேசும் வசனங்களே படிக்க முடியாமல் கிடக்கின்றன. 16 பக்கம் கொண்ட ஒரு பாரம் இரண்டு தடவை வந்திருக்கிறது, அடுத்த பாரம் இல்லவே இல்லை. பாட்டி முகாமை விட்டு மலையேறும் அத்தியாயம் முழுக்க அந்த விடுபட்ட பாரத்தில்தான் இருந்தது. பின்னட்டை ஐஎஸ்பிஎன்னைத் தேடிப் பார்த்தால் ஒரு சமையல் புத்தகம் வருகிறது. அழுததாகச் சொன்ன மனிதர் முதல் அத்தியாயத்துக்கு மேல் ஒரு வரி படித்திருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காதா? அதுதான் எனக்குப் பணத்தைவிட வலிக்கிறது.

கேட்டதற்கு, "ரீஃபண்ட் எங்க பாலிசியில் இல்ல மேடம். நூலக ஆர்டர் வேணும்னா இன்னொரு 8,000 கட்டுங்க, வாங்கித் தர்றேன்" என்கிறார். 42,500 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னும் 8,000! மறுபடி அழைத்தபோதுதான் பிளாக்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் எழுத்தாளர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சொந்தக் காசில் அச்சடிப்பது தப்பில்லை, நேர்மையாகச் செய்து தருகிற அச்சகங்களும் உண்டு. ஆனால் அட்டையும் கடைசி பிடிஎஃப்பும் முழுதாகப் பார்த்து நீங்கள் சம்மதம் சொன்ன பிறகே அச்சுக்குப் போக வேண்டும், பணமும் அதற்கேற்பத் தவணையாகவே போக வேண்டும். அவர்கள் ஏற்கெனவே போட்ட நூல்களை எழுதியவர்களிடம் நேரில் பேசுங்கள். நூலின் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தால் எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் அதிலும் சொல்லிவிட்டேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, அடுத்து அங்கேதான் போகப் போகிறேன்.

"அழுதுட்டேன்கா" என்று போன் வந்து பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் குரல் பதிவையும் அழிக்காமல் எனக்குத் தகவல் அனுப்புங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.