கோடாக்ஸ் டிடி600: ஒற்றை ஆள் போர்ட்ரெயிட்டுக்கு இந்த பிளாஷ் போதுமா?

உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்து, நிதானமாக ஒருவரைப் படம் எடுப்பவரா நீங்கள்? அப்படியென்றால் டிடிஎல் (வெளிச்சத்தின் அளவைக் கேமராவே முடிவு செய்யும் வசதி) இல்லாத பிளாஷே உங்களுக்குப் போதும். அதுதான் இன்னும் நல்லது என்றுகூடச் சொல்வேன். கோடாக்ஸ் டிடி600 பிளாஷை, அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ரோ ட்ரிக்கரோடும் (கேமராவிலிருந்து பிளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும் கருவி) ஒரு வெள்ளைக் குடையோடும் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். முழுக்க முழுக்க முகங்கள்தான் எடுக்கிறேன். இந்த மதிப்புரையும் அந்த வேலையை வைத்துத்தான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரண ஸ்பீடுலைட், அதாவது கேமராவின் மேலும் மாட்டக்கூடிய சிறிய பிளாஷ் இது. சக்தியை முழு அளவான 1/1-இலிருந்து 1/128 வரை குறைக்கலாம். தலைப்பகுதி 20 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை ஜூம் ஆகும்; எண் கூடக் கூட ஒளி குறுகி விழும். ட்ரிக்கரின் சிக்னலை வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உள்ளேயே இருப்பதால் தனி ரிசீவர் மாட்டவேண்டியதில்லை. ட்ரிக்கரைக் கேமராவின் மேல் சொருகி, இரண்டிலும் சேனலையும் குரூப்பையும் ஒன்றாக வைத்தால் வேலை முடிந்தது. அப்புறம் பிளாஷ் சக்தியை ஏற்ற, இறக்க அதன் பக்கத்துக்கே போகவேண்டாம். ட்ரிக்கரில் உள்ள சக்கரத்தைத் திருகினால் போதும். எதிரே இருப்பவர் இயல்பாக இருக்கும் நேரத்தில் நாம் எழுந்து ஸ்டாண்டை நோக்கி நடந்தால் அந்த இயல்பு கலைந்துவிடும். அதனாலேயே இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதில் டிடிஎல் கிடையாது. அதாவது, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சிறு ஒளியை அடித்துப் பார்த்து, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமராவே முடிவு செய்யும் வசதி இல்லை. பலர் இந்தக் காரணத்துக்காகவே இதை ஒதுக்குகிறார்கள். போர்ட்ரெயிட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் நாற்காலியில் இருக்கிறார். பிளாஷ் ஸ்டாண்டில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. ஒருமுறை சரியாக வைத்த அளவு கடைசிப் படம் வரை சரியாகவே இருக்கும். டிடிஎல்லில் அவர் கறுப்புச் சால்வையைப் போர்த்தினால் ஒரு அளவு, எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் வேறு அளவு. அப்புறம் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கவே நேரம் போய்விடும். மேனுவலில், அதாவது அளவை நாமே வைக்கும் முறையில், அந்தத் தொல்லை இல்லை. தூரத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: 1 மீட்டரில் இருந்த பிளாஷை 2 மீட்டருக்குத் தள்ளினால் முகத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டு ஸ்டாப் (ஒளி ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப்) போய்விட்டது என்று அர்த்தம்.

அறைக்குள் நான் செய்யும் வரிசை இது. ட்ரிக்கரை அணைத்துவிட்டு ஷட்டர் 1/200 நொடி, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து ஒரு படம் எடுப்பேன். பெரும்பாலான அறைகளில் படம் ஏறக்குறைய கறுப்பாகவே வரும். வரட்டும், அறை விளக்குகள் படத்துக்குள் நுழையவில்லை என்பதற்கு அதுவே சான்று. இப்போது ட்ரிக்கரைப் போட்டு பிளாஷை 1/16-இல் வைத்துத் தொடங்கி, முகம் சரியாக வரும்வரை சக்தியை ஏற்றி இறக்குவேன். முகம் சரியானதும் ஷட்டரை மட்டும் மெல்லக் குறைப்பேன்: 1/125, 1/60, 1/30. பிளாஷ் அடிப்பது மிகக் குறுகிய நேரம் என்பதால் முகத்தின் வெளிச்சம் அநேகமாக அப்படியே இருக்கும். பின்னால் இருக்கும் மேசை விளக்கும் ஜன்னலும் ஒவ்வொன்றாகப் படத்துக்குள் வரும். அப்பர்ச்சரும் பிளாஷ் சக்தியும் முகத்துக்கு, ஷட்டர் பின்னணிக்கு என்ற இந்தப் பிரிவினை கையில் பழகிவிட்டால் எந்த அறைக்கும் பயமில்லாமல் போகலாம். சக்கரங்களை நாமே திருகிப் பழகியதால்தான் எனக்கு இது பிடிபட்டது.

நான் மிகவும் விரும்பிச் செய்த படம் என் பெரியம்மாவுடையது. நல்ல கறுத்த நிறம், நெற்றியில் எப்போதும் ஒரு பளபளப்பு, கண்ணாடி வேறு. கேமராவின் தலையில் பிளாஷை வைத்து நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழும். முகத்தின் வடிவமே தட்டையாகிவிடும். கறுத்த தோலில் அழகே அந்தப் பளபளப்புதான், அதைப் பவுடர் போட்டு மறைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்கினால் போதும். குடையை அவர் முகத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில், பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினேன். அந்த வெள்ளைப் புள்ளிகள் விரிந்து, கன்ன எலும்பிலிருந்து தாடை வரை வழியும் மென்மையான ஒளியாக மாறின. கண்ணில் குடையின் வட்டம் தெரிந்தது. கண்ணாடியில் குடை பிரதிபலித்தபோது ஸ்டாண்டைக் கொஞ்சம் உயர்த்தி, “மோவாயைத் துளி கீழே கொண்டு வாங்க பெரியம்மா” என்றேன், பிரதிபலிப்பு போய்விட்டது. குடைக்குள் அடிக்கும்போது தலையின் ஜூமை 35 மி.மீ. அளவுக்குக் குறைத்து வையுங்கள். அதிக ஜூமில் ஒளி குடையின் நடுவில் மட்டும் விழுந்து, பெரிய குடையை வைத்த பயனே இல்லாமல் போகும்.

குடை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். சிறிய அறையில் பச்சைச் சுவர் இருந்தால் நிழல் பக்கக் கன்னத்தில் பச்சை ஏறும். அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுவேன், அல்லது ஒளியை முன்பக்கம் மட்டும் விடும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸுக்கு மாறுவேன்.

வெளியில், உச்சி வெயிலில் இந்த பிளாஷின் எல்லை தெரிந்துவிடும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப்/2.8-க்குப் போனால் ஷட்டர் 1/2000-க்கு மேல் ஓடும். அதற்கு ஹை ஸ்பீடு சிங்க், அதாவது அவ்வளவு வேகமான ஷட்டரிலும் பிளாஷ் வேலை செய்யும் முறை, வேண்டும். ட்ரிக்கரோடு சேர்ந்தால் டிடி600 அதைச் செய்யும், 1/8000 வரை. (கேமராவின் மேலேயே மாட்டினால் செய்யாது.) ஆனால் அந்த முறையில் பிளாஷ் ஒரே வீச்சில் அடிக்காமல், ஷட்டர் திரை நகரும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சக்தி பெரிதும் குறைந்துவிடும். நடுவில் குடை வேறு இருந்தால் சூரியனோடு போட்டி போட முடியாது. நிழலுக்குள் போய்விடுங்கள், அல்லது மாலை வரை காத்திருங்கள். வெயிலில்தான் எடுப்பேன் என்றால் 200 வாட்-செகண்ட் சக்தி உள்ள, அதே நிறுவனத்தின் ஏடி200 போன்ற பெரிய பிளாஷ் தேவை. ட்ரிக்கரை மாற்றவேண்டாம், அதே ட்ரிக்கர் இரண்டையும் இயக்கும்.

பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள்தான் சரி. ஆல்கலைன் போட்டால் அடுத்த அடிக்குத் தயாராக நேரம் இழுத்துக்கொண்டே போகும். நல்ல பேட்டரியில் முழு சக்திக்கு நிறுவனம் சொல்லும் நேரம் சுமார் 2.6 நொடி. நான் 1/8-ஐத் தாண்டுவதே அரிது. அங்கே காத்திருப்பு என்ற பேச்சே இல்லை.

தொடர்ந்து எரியும் மாடலிங் விளக்கு இதில் இல்லை. நிழல் எங்கே விழும் என்று அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இது எனக்கு உண்மையான குறை. ஓடி ஆடும் குழந்தைகள், நகர்ந்துகொண்டே இருக்கும் விழாக் கூட்டம் என்று எடுப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். தூரம் நொடிக்கு நொடி மாறும் இடத்தில் டிடிஎல் தேவைதான். அதே நிறுவனத்தின் டிடி685 அல்லது வி1 பாருங்கள்.

வாங்குவதென்றால் ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். விரித்த குடை சிறு காற்றிலும் பாய்மரமாகிவிடும். காலில் மணல் பை கட்டாயம். பிளாஷைப் பிடிக்க எஸ் வகை பிராக்கெட் வாங்குங்கள். அது பிளாஷின் உடலையே கவ்விக்கொள்வதால் அடிப்பாகத்தில் பாரம் இறங்காது. போவன்ஸ் மவுண்ட் என்ற வகை இணைப்பு உள்ள சாஃப்ட்பாக்ஸும் அதிலேயே மாட்டலாம். ட்ரிக்கர் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். மாறிப்போனால் ஹை ஸ்பீடு சிங்க் வேலை செய்யாது. சோனி கேமராவின் மேலும் பிளாஷை மாட்ட நினைப்பவர்களுக்கு டிடி600எஸ் என்று தனி மாடல் இருக்கிறது.