தடித்த இரும்புக்கு எந்த ரெசிப்ரோ சா பிளேடு: மூன்று வருட அனுபவம்

காங்கேயம் பக்கம் எண்ணெய் மில், அரிசி மில்களில் பழைய ஸ்ட்ரக்சரைக் கழற்றிப் புதுசு மாட்டுவதுதான் என் வேலை. கொப்பரையும் உமியும் கிடக்கிற இடத்தில் ஏஜி4-இல் (4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்) கட்டிங் வீல் மாட்டி வேலை செய்ய முடியாது, ஒரு பொறி போதும். அதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் பேட்டரியில் ஓடும் ரெசிப்ரோகேட்டிங் சா (பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மெஷின்) வாங்கினேன். மெஷினை ஒரு குறை சொல்ல முடியாது, பாடாய்ப் படுத்தியது பிளேடுதான்.

முதல் வேலையே 4 இஞ்ச் சி-சேனல். நடுத்தகடு 5 மிமீ கிட்ட, ஓரச் சிறகுகள் 7.5 மிமீ. பல் பொடிசாக இருந்தால்தான் இரும்பை அறுக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி, இஞ்சுக்கு 24 பல் உள்ள பிளேடு வாங்கிப் போனேன். ஒரு சிறகைத் தாண்டுவதற்குள் செத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் மட்டும் பல் மொட்டையாகி, அந்த இடம் நீலம் பூத்திருந்தது. முனைப்பக்கம் பல் அப்படியே புதுசாக இருந்தது. மெஷினின் ஓட்டமே, அதாவது பிளேடு முன்பின் போகும் தூரமே, 28 மிமீதான், அதனால் ஒல்லியான இரும்பில் பிளேடு முழுக்க வேலை செய்வதே இல்லை, அந்த ஒரு துண்டுதான் மொத்த அடியையும் வாங்குகிறது. பொடிப்பல்லுக்கு நடுவில் துகள் தங்க இடமில்லை, அடைத்துக்கொண்டு வெறுமனே தேய்த்தது, தேய்த்ததில் சூடேறியது. நான் பார்த்தவரை பிளேடு தேய்ந்து சாவதைவிடச் சூட்டில் சாவதுதான் அதிகம்.

அப்புறம் 14 பல் பைமெட்டலுக்கு மாறினேன். பாஷ் எஸ் 1122 பிஎஃப், 225 மிமீ நீளம். பைமெட்டலில் பல் ஹைஸ்பீடு ஸ்டீல், முதுகு வளையும் ஸ்பிரிங் ஸ்டீல், இரண்டையும் வெல்டு செய்திருப்பார்கள், அதனால் பிளேடு வளைந்தாலும் எளிதில் முறியாது. எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 14 பல்லில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1.8 மிமீ இடைவெளி, ஆக 5, 6 மிமீ கனத்துக்குச் சரியாக வரும். 3 மிமீ பைப் என்றால் 18 பல் போடுங்கள். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 4 இஞ்ச் சேனலுக்கு 150 மிமீ பிளேடு போட்டால், பின்னால் இழுக்கும்போது முனை உள்ளே வந்து, திரும்பப் போகையில் இரும்பில் இடித்து வளைந்துவிடும்.

ஆனால் நாள் முழுக்கச் சேனல் என்றால் பைமெட்டலும் தாங்கவில்லை. ஐந்தாறு வெட்டிலேயே மந்தமாகிவிடும். சரி, ஒன்று வாங்கித்தான் பார்ப்போமே என்று 8 பல் கார்பைடு (பல்லில் மிகக் கடினமான கார்பைடு வைத்த பிளேடு) வாங்கினேன், பாஷ் எஸ் 1155 சிஎச்எம். பைமெட்டலைப் போல நாலைந்து மடங்கு விலை, எடுக்கும்போது கை கூசியது. அந்த ஒரு பிளேடு ஒரு மில்லின் எலிவேட்டர் ஸ்டாண்டு முழுவதையும் வெட்டி முடித்தும் கூர் இருந்தது. பைமெட்டல் பல் இளகிப்போகும் சூட்டிலும் கார்பைடு இளகாது, அதுதான் விஷயம். தடித்த இரும்பை அடிக்கடி வெட்டுகிறவர் யோசிக்காமல் இதை வாங்கலாம்.

ஆனால் அது கண்ணாடி மாதிரி, அடி தாங்காது. ஷூவை (பிளேடைச் சுற்றி மெஷினின் முன்னால் இருக்கும் தாங்கு தகடு) இரும்போடு அழுத்திப் பிடிக்காமல் மெஷின் துள்ளினால் பல் தெறித்துவிடும். எனக்கு அப்படி ஒரு பிளேடு முதல் நாளே போனது, முழுக்க என் தவறு. மெல்லிய தகட்டிலும் இதைப் போடக் கூடாது, தகடு பல்லுக்கு நடுவில் மாட்டி இழுக்கும்.

எந்தப் பிளேடானாலும் ஆர்பிட்டலை (பிளேடை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஓட்டும் வசதி) ஆஃப் செய்துவிடுங்கள், அது மரத்துக்கு உள்ளது. பைமெட்டலுக்கு வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வெட்டும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கீழே விழும் துகளைப் பாருங்கள்: சுருண்டு விழுந்தால் பல் கடிக்கிறது, மாவு மாதிரி உதிர்ந்தால் தேய்க்கிறது, உடனே நிறுத்தி வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள். எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது ரொம்ப முக்கியம், தேய்க்கத் தேய்க்க அந்த இடம் இறுகிப்போய் அடுத்த பிளேடும் ஏறாது.

டிஎம்டி கம்பிக்குப் பைமெட்டலை வீணாக்க வேண்டாம். அந்தக் கம்பியின் மேல்தோலைத் தண்ணீரில் கடினமாக்கித்தான் அனுப்புகிறார்கள், பல் முதலில் படுவது அந்தத் தோலில்தான்.

ஷூவை முன்னே பின்னே நகர்த்தும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால், மந்தமான பிளேடைத் தூக்கிப் போடுமுன் ஷூவை ஒரு இஞ்ச் நகர்த்தி வெட்டிப் பாருங்கள். போன மாதம் தூக்கிப் போட எடுத்து வைத்த மூன்று பைமெட்டல் பிளேடுகளில் இப்படித்தான் இன்னும் ஒரு நாள் வேலை பார்த்தேன்.