பாரிஸ்டரா, அட்டர்னியா? 18ஆம் நூற்றாண்டு லண்டனில் எது மேல்?

1770களின் லண்டனில் நடக்கும் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் சட்டத் தொழிலில் இருப்பவன். அவனைப் பாரிஸ்டர் ஆக்குவதா, அட்டர்னி ஆக்குவதா என்று வெகுநாள் யோசித்து, அட்டர்னிதான் என்று முடிவு செய்தேன். ஸ்காட்லாந்துச் சட்ட முறையே வேறு என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நான் அதிகம் படித்ததும் லண்டன் பற்றித்தான். மற்ற ஊர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கௌரவம் பாரிஸ்டருக்கு, அதில் பேச்சே இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் நீதிமன்றங்களில் விக்கும் அங்கியுமாக எழுந்து வாதாடுபவர் அவர்தான். நீதிபதி பதவிக்குப் போகிறவரும் அவர்தான். கட்சிக்காரரோடு பேசி, சாட்சிகளைத் திரட்டி, வழக்குக் குறிப்பைத் தயார் செய்து அவர் கையில் கொடுப்பவர் அட்டர்னி.

பயிற்சி எப்படி? லிங்கன்ஸ் இன், மிடில் டெம்பிள் போன்ற நான்கு இன்களில் (பாரிஸ்டர்களின் சங்கங்கள்) ஒன்றில் சேர்ந்து, வருடக்கணக்கில் அங்கே போய்ச் சாப்பிட்டு, வந்துபோக வேண்டிய தவணைகளின் கணக்கைப் பூர்த்தி செய்தால் பாரிஸ்டர் ஆகலாம். எழுத்துத் தேர்வு எதுவும் கிடையாது. அட்டர்னிக்கு 1729ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வருட ஆர்ட்டிகிள் பயிற்சியை, அதாவது ஓர் அட்டர்னியிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதிச் சேர்ந்து தொழில் கற்பதை, கட்டாயமாக்கியிருந்தது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஃபீஸ்தான். பாரிஸ்டர் வாங்கும் கினி என்னும் தங்க நாணயங்கள் சட்டத்தின் பார்வையில் கூலி அல்ல, மரியாதைக்குத் தரும் காணிக்கை. கட்சிக்காரர் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனே தம் நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். அட்டர்னி அப்படியல்ல. கையெழுத்திட்ட பில்லைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்தால், பாக்கிக்காக வழக்கே தொடரலாம். தொகை அதிகம் என்று கட்சிக்காரர் நினைத்தால், நீதிமன்ற அதிகாரி அந்தப் பில்லை இனம் இனமாகப் பார்த்துக் குறைப்பார். அப்படி ஒரு பில்லில் ஒரு மனிதனின் அன்றாடமே இருக்கும்: நேரில் போய்ப் பேசியதற்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு; நகல் எடுத்ததற்குத் தனி; பாரிஸ்டருக்குக் கொடுத்த கினியும் அதிலேயே. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வழக்கு இல்லாத மாதத்திலும் அட்டர்னிக்கு வேலை உண்டு. அடமானப் பத்திரம், உயில், பணம் உள்ளவரையும் தேவைப்படுபவரையும் சேர்த்துவைப்பது, ஊர்ப்பக்கம் என்றால் சுங்கம் வசூலித்துச் சாலையைப் பராமரிக்கும் டிரஸ்டின் எழுத்தர் வேலை. பாரிஸ்டரோ அட்டர்னி கொண்டுவரும் வழக்குக்காகக் காத்திருக்க வேண்டும். 1746இல் பாரிஸ்டரான பிளாக்ஸ்டனுக்கே வழக்குகள் சரியாக வரவில்லை; ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். லாயிட் கென்யன் 1756இல் பாரிஸ்டரானவர். தொடக்க காலத்தில் நண்பர் டன்னிங்கோடு சான்சரி லேன் அருகே ஏழரை பென்ஸ் சாப்பாட்டில் காலம் தள்ளியிருக்கிறார்.

சரி, புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ஸ்கின் இல்லையா? 1778இல் பாரிஸ்டராகி, அதே வருடம் கேப்டன் பெய்லி வழக்கில் ஒரே வாதத்தில் பெயர் வாங்கினார். அந்த உயரம் அட்டர்னிக்குக் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டர்னி அலுவலகத்தில் தொடங்கியவருக்கு மேலே போகும் வழி அடைபட்டுவிடவில்லை. கென்யனே நான்ட்விச் ஊரில் ஓர் அட்டர்னியிடம் ஆர்ட்டிகிள் செய்தவர். 1788இல் தலைமை நீதிபதியானார். 1737இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவியான லார்ட் சான்சலர் பதவிக்கு வந்த ஹார்ட்விக்கும் அட்டர்னி அலுவலகத்திலிருந்து வந்தவர்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1794இல் ஆர்ட்டிகிள் பத்திரத்துக்கு 100 பவுண்டு முத்திரை வரி வந்துவிட்டது. என் நாயகன் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டான். உங்கள் கதை அதற்குப் பிந்தையது என்றால், அந்தப் பணத்தை யார் கட்டினார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லியாக வேண்டும்.